காற்றுப் புகாமல்

அவளுடைய டிபன் பாக்ஸைத் திறப்பதற்கென்று தனியாக ஒரு பட்டம் வாங்கியிருக்க வேண்டும். மூடி, மூடிக்கு மேல் பிளாஸ்டிக் தாள், தாளைச் சுற்றி ரப்பர் பேண்டு, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு துணி முடிச்சு. உள்ளே இருப்பது என்னவோ விடுதியில் கொடுத்த எலுமிச்சைச் சாதம்தான்.

“இதைத் திருட எவடி வரப்போறா?” என்பேன்.

“திருட்டுக்கு இல்ல. காத்துக்கு” என்பாள்.

தஞ்சாவூரில் நாங்கள் இருவரும் ஒரே பேராசிரியரிடம், ஒரே ஆய்வகத்தில், அருகருகே இருந்த மேஜைகளில் வேதியியல் ஆராய்ச்சி செய்தோம். தொண்ணூறுகளின் கடைசி அது. கம்ப்யூட்டர் படித்தவர்களெல்லாம் விமானம் ஏறிக்கொண்டிருந்த காலத்தில் நாங்கள் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தோம். என் வீடு மானம்புச்சாவடிப் பக்கம். அப்பா மிஷன் பள்ளியில் வாத்தியார், ஞாயிறு தவறாமல் கோயில், மதியம் கோழிக்குழம்பு என்று ஒரு குறையும் இல்லாத வீடு. அவள் வீடு திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு காலனித் தெருவில். அப்பா, அம்மா இருவரும் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். அந்தத் தெருவிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவள். இதுகூட அவள் சொல்லி எனக்குத் தெரிந்ததில்லை. அவளுக்கு வந்த மணியார்டர் தாளை விடுதிக் காப்பாளர் சத்தமாக வாசித்ததில் தெரிந்தது. அவளிடமிருந்து ஒரு சொல்லும் வெளியே கசியாது. பெயரை நானும் சொல்லப் போவதில்லை.

அவள் வேலை என்னவென்று சொன்னால்தான் அவளைப் பற்றிச் சொல்ல முடியும். பசை, பெயின்ட், பிளாஸ்டிக் எல்லாம் சின்னச் சின்ன மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலி ஆவதால் வருகிறவை. சங்கிலி வளர்கிற நுனிக்கு ரேடிக்கல் என்று பெயர். அது வெறி பிடித்தது. அகப்பட்டதையெல்லாம் கோத்துக்கொண்டு ஓடி, எதிரே வரும் இன்னொரு வெறி பிடித்ததோடு முட்டிக்கொண்டு செத்துப்போகும். ஒரு சங்கிலி முழம் இருக்கும், இன்னொன்று சாண் இருக்கும். இதை அடக்குவதற்கு அப்போது புதிதாக ஒரு வழி வந்திருந்தது. நுனியைத் தூங்க வைத்துவிடுவது. கண நேரம் எழுப்பி, இரண்டு மூலக்கூறைக் கோக்கவிட்டு, மறுபடி தூங்க வைப்பது. அப்படிச் செய்தால் எல்லாச் சங்கிலியும் ஒரே சீராக வளரும். எழுப்புகிற வேகம் என்ன, தூங்க வைக்கிற வேகம் என்ன, சூடு ஏறினால் இரண்டும் எப்படி மாறும் என்று அளப்பதுதான் அவள் ஆராய்ச்சி. விட்டு விட்டு ஊசியால் துளித் துளியாக எடுத்துப் பார்த்து, மிச்சமிருப்பதை வரைபடத்தில் புள்ளி வைப்பாள். புள்ளிகள் நேர்கோட்டில் நின்றால் வெற்றி.

நேர்கோட்டுக்கு ஒரே எதிரி காற்று. காற்றில் இருக்கும் ஆக்சிஜன் துளி உள்ளே போனாலும் ரேடிக்கல்களைப் பிடித்துத் தின்றுவிடும். எங்கள் கோடுகள் எல்லாம் வாய்க்கால் வரப்பு மாதிரி வளைந்து வளைந்து போகும். அவளுடையது மட்டும் அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் நிற்கும். பேராசிரியர் வருகிறவர்களுக்கெல்லாம் அவள் வரைபடத்தைத்தான் எடுத்துக் காட்டுவார். எனக்கு எரியும்.

காற்றை வெளியேற்ற, குழாயில் இருக்கும் திரவத்தை உறைய வைத்து, பம்பால் உறிஞ்சி, உருக விட வேண்டும். உருகும்போது குமிழி வந்தால் காற்று இன்னும் இருக்கிறது என்று பொருள். மறுபடி உறைய வை, மறுபடி உறிஞ்சு. உறைய வைக்கத் திரவ நைட்ரஜன் வேண்டும். அது எங்கள் கல்லூரியில் ஏது? மாட்டு ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. சினை ஊசிக்கான விந்தை அதில்தான் போட்டு வைப்பார்கள். பேராசிரியர் யாரையோ பிடித்து அனுமதி வாங்கியிருந்தார். வாரம்தோறும் அவள் ஒரு அலுமினியக் குடுவையோடு போய் வாங்கி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவாள். ஒருமுறை நானும் கூடப் போனேன். மூடியோரத்தில் வெள்ளைப் புகை வழிந்தது. கண்டக்டர் பயந்துவிட்டார்.

“என்னம்மா புகையுது? எறங்குங்க எறங்குங்க.”

“மாட்டு ஊசிங்க” என்றாள் அவள், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

கண்டக்டர் சமாதானமாகிவிட்டார். பின் சீட்டிலிருந்த பெரியவர் ஒருவர் மட்டும் விடவில்லை. “ஜெர்ஸியா பாப்பா, நாட்டு மாடா?” என்று கேட்டார்.

“ஜெர்ஸிங்க.”

“எங்க தெருப் பக்கமும் கொஞ்சம் வந்துட்டுப் போறது.”

அன்றைக்கு ஆய்வகத்துக்கு வந்த பிறகு அவள் சிரித்தாளே, அப்படிச் சிரித்து அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்புக்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போனது.

பிடித்த அளவுக்குப் பயமும் உண்டு. ஒரு குழாயை அவள் ஒரு நாள் பகல் முழுக்க உறைய வைத்து, உறிஞ்சி, உருக்கி, கடைசியில் மூடியைத் திருகிவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கடுகில் பாதி அளவுக்கு ஒரு குமிழி. எங்களில் யாராக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு எண்ணெய்த் தொட்டியில் இறக்கியிருப்போம். அவள் குழாயைக் கொண்டுபோய்க் கழிவுத் தொட்டியில் கவிழ்த்தாள். அதில் இருந்த வினையூக்கி வெளிநாட்டிலிருந்து கெஞ்சி வாங்கியது. பேராசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஏம்மா, ஒரு குமிழி என்ன பண்ணிடும்?”

“ஒரு குமிழி போதும் சார்.”

விடுதியில் அவள் அறை ஜன்னல் கத்திரி வெயிலிலும் மூடியே இருக்கும். பேனாவை எழுதி முடித்த நொடியில் மூடுவாள். யாராவது பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால், பேச்சுக்கு நடுவில் கை நீட்டி மூடிவிட்டுப் போவாள். அவளைப் பொறுத்தவரை உலகத்தில் கெட்டதெல்லாம் திறந்து கிடப்பதால் வருவது. பள்ளிக்கூடத்தில் அவள் தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாது என்று ஒதுக்கி வைத்தார்களாம். தன் தண்ணீரைத் தானே ஒரு புட்டியில் கொண்டுபோய் இறுக மூடி வைத்துக்கொள்வாளாம். இதை அவள் சொல்லவில்லை. கலியபெருமாள் சொன்னான்.

கலியபெருமாள் அவள் தெருக்காரன். உறவுமுறையில் சித்தப்பா மகன், அவளைவிடச் சின்னவன், அக்கா அக்கா என்று அவள் நிழலில் நிற்பான். மேட்டூரைத் திறக்காமல் குறுவை போன வருஷம் அது. தெருவில் பாதிப் பேர் திருப்பூருக்குப் போய்விட்டார்கள், கொஞ்சம் பேர் கேரளாவுக்கு. கலியபெருமாள் தஞ்சாவூருக்கு வந்தான், இங்கே அக்கா இருக்கிறாளே என்று.

அவளுக்கும் அப்போது கை வறண்டிருந்தது. ஆய்வேட்டைக் கொடுத்தாகிவிட்டது, உதவித்தொகை நின்றுவிட்டது, வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் அடுத்த ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்து விசாவுக்குக் காத்திருந்தாள். அந்த இடைவெளியில் வல்லம் தாண்டி ஒரு சின்னப் பசைத் தொழிற்சாலையில் வேதியியல் பார்க்கிற வேலை வந்தது. சிங்கப்பூரில் சம்பாதித்து வந்தவர் ஒருவர் தொடங்கியது. தகரக் கூரை, ஒரு கொதிகலன், ஒரு பெரிய இரும்புத் தொட்டி, அவ்வளவுதான். அவள் சேர்ந்த மாதமே கலியபெருமாளையும் சேர்த்துவிட்டாள். எட்டாவது வரை படித்தவன். அவள் ஒரு வால்வை இப்படித் திருப்பு என்றால் அப்படியே திருப்புவான். ஏன் என்று கேட்க மாட்டான். “அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்பான், என்னிடமே. எனக்கு அது பெருமையாகத்தான் தெரிந்தது.

விலை ஏறப்போகிறது என்று முதலாளி மூலப்பொருளை ஒரே மூச்சில் வாங்கித் தொட்டியை நிரப்பினார். புரோக்கர் மூலம் வந்த சரக்கு. எவனோ பழைய பீப்பாய்களில் மாற்றி ஊற்றியது, ஒரு லேபிளும் கிடையாது. பசையாவதற்கு முந்தைய திரவம் அது. வழியிலேயே தானாகச் சங்கிலி கோத்துச் சூடேறிவிடாமல் இருக்க, தடுப்பான் என்று ஒரு பொருளைத் துளி கலந்துதான் விற்பார்கள். சில நாளில் தொட்டியில் ஜெல்லி போலக் கட்டிகள் வரத் தொடங்கின. பம்பு அடைத்துக்கொண்டது. முதலாளி கத்தினார்.

அவள் தொட்டியின் மேல் ஏறிப் பார்த்தாள். மூடி சரியாகப் பொருந்தாமல் காற்று தாராளமாகப் போய் வந்துகொண்டிருந்தது. காற்று பட்டால் பெராக்சைடு உண்டாகும், அதுதான் கட்டி தட்டுகிறது என்று முடிவு செய்தாள். அதில் பாதி உண்மையும் இருந்தது. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். எங்கள் புத்தகங்களில் காற்றை எப்படி வெளியேற்றுவது என்று அத்தியாயம் அத்தியாயமாக இருக்கும். எங்கே அதை விட்டுவைக்க வேண்டும் என்று ஒரு வரி கிடையாது.

மூடிக்குப் புது ரப்பர் வளையம் போடச் சொன்னாள். நைட்ரஜன் சிலிண்டரை வரவழைத்து, தொட்டியின் அடியிலிருந்து வாயுவைக் குமிழ விட்டுக் காற்றையெல்லாம் வெளியே தள்ளி, இறுக மூடச் சொன்னாள். கலியபெருமாள் சொன்னபடி செய்தான். சனிக்கிழமை சாயங்காலம் அவளே வந்து வளையத்தைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “ஒரு பொட்டுக் காத்து போவாது” என்றாளாம்.

மறுநாள் ஞாயிறு. ஆலை விடுமுறை. சித்திரை வெயில் தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. காவலுக்கு இருந்த கலியபெருமாள் மதியம் போலத் தொட்டியைத் தொட்டுப் பார்த்திருக்கிறான், சுட்டிருக்கிறது. குழாயை எடுத்துத் தண்ணீர் அடித்திருக்கிறான். பக்கத்துக் கிடங்கின் வாட்ச்மேன் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறார். தொட்டி முனகிக்கொண்டிருந்ததாம்.

“குழாயைப் போட்டுட்டு ஓடியாடான்னு கத்துனேம்மா” என்று பிறகு எங்களிடம் அவர் சொன்னார். “அக்கா தொட்டி, எப்படி விட்டுட்டு வர்றதுன்னான்.”

தொட்டி வெடித்துத் தீப்பிடித்தது. கலியபெருமாளை அடையாளம் காட்ட அவள்தான் போனாள். நான் அறை வாசலோடு நின்றுவிட்டேன். உள்ளே போக எனக்குத் தைரியம் இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் அவள் ஆய்வகத்துக்கு வந்தாள். தன் மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். எந்த வேகத்தை அளந்து அளந்து அவள் முனைவர் ஆனாளோ, அதே வேகங்களை வைத்துத்தான். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

“தடுப்பான் தனியா ஒண்ணும் செய்யாதுடி. ஆக்சிஜன் ரேடிக்கலைப் பிடிச்சுக் குடுத்தாத்தான் இது அதை அமுக்கும். ரெண்டும் சேர்ந்துதான் காவல். நான் ஒண்ணை வெளிய தள்ளிக் கதவைச் சாத்திட்டேன்.”

“உனக்கெப்படித் தெரிஞ்சிருக்கும்? லேபிள்கூட இல்லையே” என்றேன்.

“எனக்குத் தெரிஞ்சிருக்கணும். என் பாடம் இது.”

அவள் சொன்னது சரி என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. பொய்யாக இருக்கக்கூடாதா என்று இருந்தது.

முதலாளிக்கு வேறு கணக்கு. ஆலையில் தவறு என்றால் அவருக்குச் சிக்கல். பையன் பீடி பற்றவைத்தான், தீப்பிடித்தது என்றால் எல்லாம் முடிந்துவிடும். நஷ்டஈடும் வேண்டாம், இரக்கப்பட்டு ஏதோ கொடுத்துவிடலாம். அவளைக் கூப்பிட்டு நயமாகவே சொன்னார்: “வெளிநாட்டுக்குப் போற புள்ள. விசா வர்ற நேரம். வாயைத் தொறக்காம இருங்கம்மா, உங்களுக்கும் நல்லது.”

கலியபெருமாளுக்குப் பீடி வாடையே ஆகாது. பஸ்ஸில் யாராவது பிடித்தால் எழுந்து முன்னால் போய் நிற்கிறவன்.

தொழிற்சாலை ஆய்வு அதிகாரியின் விசாரணைக்கு முந்தின நாள் அவள் ஊருக்குப் போனாள். நானும் கூடப் போனேன். கலியபெருமாளின் அப்பா வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மனைவி போய்ப் பல வருஷம். இருந்தது அந்த ஒரே பிள்ளை. அவள் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். தன் வாழ்நாளில் அவள் ஒரே மூச்சில் பேசிய அதிகபட்சப் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். வேதியியல் ஒன்றும் இல்லாமல் சொன்னாள். “நான்தான் மூடச் சொன்னேன் சித்தப்பா. மூடியிருக்கக் கூடாது. அவன் மேல ஒரு தப்பும் இல்ல. நாளைக்கு அதிகாரிகிட்ட சொல்லப் போறேன்.”

அவர் தெருவைப் பார்த்தார். தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது.

“சொன்னா உன்னைய ஜெயில்ல போடுவாங்களா?”

“போடலாம். போடாட்டியும் கேஸ் இருக்கும். வெளிநாடு போவ முடியாது.”

“படிப்பு?”

“அதோட சரி.”

“சரி” என்றார். “ரெண்டு பேரும் சாப்ட்டுட்டுப் போங்க.” தானே எழுந்து போய்ச் சோறு போட்டுக் கொண்டுவந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும்.

விசாரணை, ஆலையின் ஆபீஸ் அறையில் நடந்தது. வாட்ச்மேனை யாரும் கூப்பிடவில்லை. முதலில் இறந்தவனின் அப்பாவைப் பேசச் சொன்னார் அதிகாரி. அவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். அவளை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

“எம் மவனுக்குப் பீடி குடிக்கிற பழக்கம் உண்டுங்க. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். கேக்கல. அன்னைக்கும் அப்படித்தான் ஆயிருக்கும்.”

அவள் எழுந்துவிட்டாள். “பொய்ங்க சார். அவன் பீடியே தொட மாட்டான். நைட்ரஜன் விடச் சொன்னது நான். தொட்டியை மூடச் சொன்னது நான்.” தடுப்பானைப் பற்றி, ஆக்சிஜனைப் பற்றி அவள் சொல்லச் சொல்ல அதிகாரி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். புரிந்ததா என்று தெரியவில்லை. முதலாளி இடையில் புகுந்து, பாவம், தம்பி செத்த அதிர்ச்சி என்றார்.

“பெத்த தகப்பனே சொல்றாரும்மா” என்றார் அதிகாரி. “அவரைவிடவா உங்களுக்குத் தெரியும்? உக்காருங்க.”

வெளியே வந்ததும் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஏன் சித்தப்பா?”

“நம்ம தெருவுலேருந்து நீ ஒருத்திதான் பாப்பா அந்த எடத்துக்குப் போயிருக்க” என்றார் அவர். “புள்ளையைத்தான் குழியில வச்சுட்டேன். உன்னையும் நானே கொண்டுபோயி வைக்கவா?”

“அவன் பேரு கெட்டுப்போச்சே.”

“செத்தவனுக்குப் பேரு என்னாத்துக்கு. இருக்குறவதான் வச்சுக்கணும். நீ போ.”

அவள் பிறகும் இரண்டு இடங்களுக்கு மனு எழுதினாள். பதில் இல்லை. தெருவே அவளுக்கு எதிராக நின்றது, அவளைக் காப்பாற்றுவதற்காக. அவள் அப்பா அவள் காலில் விழப் போனார். விசா வந்தது. போனாள். போனதற்காக அவள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. போகாமல் இருந்திருந்தால் அந்த மனிதர் சொன்ன பொய்யை என்ன செய்திருப்பாள் என்று கேட்டுப் பார்த்தால் எனக்கும் பதில் தெரியவில்லை. கோபம் அதனால் குறைந்தும் போகவில்லை.

அங்கே அவள் பெயர் சொல்லும்படியான ஆராய்ச்சியெல்லாம் செய்தாள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருவாள். தஞ்சாவூரில் என் வீட்டில் ஒரு நாள், பிறகு நேரே ஊருக்கு, அந்தக் கட்டிலின் பக்கத்துக்கு. இருவரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவாள்.

கடைசியாக நான் அவளோடு அந்தத் தெருவுக்குப் போனது, இருபது வருஷத்துக்கு மேல் கழித்து, ஒரு கல்யாணத்துக்கு. பூட்டிக் கிடந்த வீடுகள் சில கான்கிரீட் வீடுகளாகியிருந்தன. பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் பொறியியல் படித்துக்கொண்டிருந்தார்கள், அவளைப் பார்த்துப் படித்தவர்கள். பந்தலில் இலை போட்டிருந்தது. அவருக்கு ஒரு பக்கம் அவள், இன்னொரு பக்கம் நான். கல்லூரிக்குப் போகிற ஒரு இளவட்டம் பந்தலுக்குப் பின்னால் பீடி பிடித்து மாட்டிக்கொண்டான். அவன் அம்மா அவனைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

“பீடியைப் பத்தவச்சே உசுரோட வெந்து செத்தானே கலியபெருமாளு, அது மாதிரி சாவப் போறியாடா?”

தெருவில் அது பழமொழி மாதிரி ஆகியிருந்தது. சொன்னவளுக்கு அதில் ஒரு விகற்பமும் இல்லை. கலியபெருமாளை அவள் பார்த்திருக்கக்கூட மாட்டாள், பிறகு வாழ்க்கைப்பட்டு வந்தவள்.

என் தோழி சோற்றில் வைத்த கையை எடுத்தாள். “அவன் பீடி பிடிச்சதே இல்ல” என்றாள், பந்தி முழுக்கக் கேட்கும்படி.

பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். எல்லோரும் கிழவரைப் பார்த்தார்கள். அவர் இலையைத் தடவிச் சோற்றைப் பிசைந்துகொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்.

“பிடிப்பான் பாப்பா. உனக்குத் தெரியாது. சாப்புடு.”